சத்துணவு ஆயா: முப்பது வருஷ வேலை, கணக்கில் பகுதி நேரம்

சத்துணவு மையத்தில் வேலை பார்க்கிறவர்களை அரசாங்கம் 'பகுதி நேர நிரந்தரப் பணியாளர்' என்று வைத்திருக்கிறது. ஒரே பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சோறு வடித்தவரும் ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் பகுதி நேரம்தான். காலை எட்டரைக்குப் போய் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்புகிற வேலை எப்படிப் பகுதி நேரம் ஆகும்? சம்பளம் ஏன் இவ்வளவுதான், ஓய்வூதியம் ஏன் இப்படி, வருஷா வருஷம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஏன் உட்காருகிறார்கள் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள்ளேதான் கிடக்கிறது. இந்த வேலை யாருக்காக, எதற்காக உண்டாக்கப்பட்டது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு அதைப் பார்ப்பது நல்ல வசதி, பள்ளிச் சோற்றின் கதையில் முக்கியமான பல திருப்பங்கள் இங்கேதான் நடந்திருக்கின்றன.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மையத்தைப் பொறுப்பேற்று நடத்துகிற அமைப்பாளரை எங்கள் பக்கம் 'சத்துணவு டீச்சர்' என்பார்கள். சமையலரும் உதவியாளரும் 'ஆயா'. தலை நரைத்துவிட்டால் பிள்ளைகள் வாயில் அது 'ஆச்சி' ஆகிவிடும். ஒரு மையத்துக்கு இந்த மூன்று பேரும் இருக்க வேண்டும் என்பது ஆரம்பக் கணக்கு. நடப்பில் ஒரு அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பார்க்கிறார், சமையலர் ஓய்வு பெற்ற இடத்தில் ஆள் போடாமலேயே வருஷங்கள் ஓடுகின்றன, உதவியாளர் ஒருத்தரே சமைத்து, பரிமாறி, கழுவி, கூட்டிப் பெருக்கிச் சாவியையும் இடுப்பில் சொருகிக்கொண்டு போகிற மையங்கள் நிறைய.

பாப்பாக்குடி பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த ஆச்சி ஒருவரின் வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வந்ததும் அவர் அடுப்புப் பக்கம் போக மாட்டார், வாசலில் நின்று வருகிற பிள்ளைகளைப் பார்ப்பார். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம், இதுதான் அளவு. வகுப்பில் வருகை எடுத்து எண்ணிக்கை சமையல்கூடத்துக்கு வந்துசேர மணி பத்தாகிவிடும். பன்னிரண்டரைக்குள் தட்டில் சோறு விழுந்தாக வேண்டும். அதனால் எண்ணிக்கை வருமுன்னே உலை வைத்துவிடுவார், அரிசியை ஒரு குத்துமதிப்பில் களைந்து வைத்துவிடுவார். கோயில் கொடைக்கு மறுநாள் என்றால் பாதிப் பிள்ளைகள் வராது, மழை அடித்தால் அடுத்த ஊர்ப் பிள்ளைகள் வராது, வீட்டில் யாருக்கு அம்மை போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரியும். எண்ணிக்கைச் சீட்டு வரும்போது ஒன்றிரண்டுதான் முன்னே பின்னே இருக்கும். சோறு குறைந்தால் கடைசி வரிசைப் பிள்ளை அழும், மிஞ்சினால் மேலே இருந்து வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். இந்தக் குத்துமதிப்புத் திறமைக்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது.

அப்புறம் முட்டை. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி 2010-ல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்று ஆனது. சாப்பிடுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நூற்றைம்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் நூற்றைம்பது முட்டையைத் தினமும் உரிக்கிறவர் யார் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை, முட்டை பத்து மடங்காகக் கூடினாலும் ஆள் எண்ணிக்கை கூடவில்லை. ஆச்சி முட்டையை முதலில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார், மிதக்கிறது எல்லாம் ஒதுங்கிவிடும். பச்சைத் தண்ணீரிலேயே போட்டு ஒரு கை உப்பும் போட்டு மெதுவாகத்தான் சூடேற்றுவார், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஓடு வெடிக்கும், வெடித்த முட்டை கணக்கில் இடிக்கும். அவித்ததைக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டி, மொண்ணையான முனையில் ஒரு தட்டுத் தட்டி, தண்ணீருக்குள்ளேயே வைத்து உரிப்பார். பெருவிரல் நகத்தின் ஓரம் ஓடு குத்திக் குத்திச் சிவந்திருக்கும், அதே கையால்தான் அடுத்து மிளகுப் பொடி பிரட்ட வேண்டும். எண்ணி வாங்கி, எண்ணி அவித்து, எண்ணிப் போட வேண்டிய சாமான் இது. கடைக்கு விற்றுவிடக் கூடாது என்று முட்டையில் முத்திரை வேறு குத்தி அனுப்புகிறார்கள். "எலே, நீ முன்னமே வாங்கிட்டுப் போயிட்டு திரும்பவும் வரிசையில நிக்க?" என்று அவர் ஒரு பையனைப் பிடிப்பார், பிடித்துவிட்டு, உடைந்து போன முட்டையில் பாதியை அவன் தட்டில் போட்டும் விடுவார்.

சோற்றுக்கும் ஒரு கதை உண்டு. ரொம்ப காலம் சோறும் சாம்பாரும்தான். சோறு வடிப்பதற்கு ஆள்பலம் வேண்டும், பெரிய சருவத்தை இரண்டு பக்கமும் துணி பிடித்துச் சாய்த்துக் கஞ்சியை இறக்க வேண்டும், ஒருத்தர் கை தளர்ந்தால் மற்றவர் காலில் கஞ்சி விழும். இந்த வேலையில் நீண்ட நாள் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், காலிலோ முன்கையிலோ தழும்பு இல்லாதவர்கள் அபூர்வம். 2013-ல் ஜெயலலிதா ஆட்சியில் கலவைச் சாதம் சோதனையாக வந்து, அடுத்த வருஷம் மாநிலம் முழுக்கப் போனது. வெஜிடபிள் பிரியாணி, தக்காளி சாதம், புளி சாதம், கொண்டைக்கடலை புலாவ், மசாலா முட்டை என்று கிழமைக்கு ஒன்று. வடிக்கிற வேலை குறைந்தது உண்மை, ஆனால் தண்ணீர் அளவு என்கிற புதுத் தலைவலி வந்தது. வடிக்கிற சோற்றில் தண்ணீர் கூடினால் கஞ்சியோடு போய்விடும், கலவைச் சாதத்தில் போகாது. வருகிற அரிசியோ மூட்டைக்கு மூட்டை வேறு குணம், புது அரிசி என்றால் குழைந்து களியாகும், பழைய அரிசி என்றால் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் ஆச்சி தண்ணீரை முடிவு செய்வார்.

அடுப்பும் மாறியிருக்கிறது. முன்னே உடைமுள்ளும் பனைமட்டையும்தான் விறகு, மழைக்காலத்தில் ஊதி ஊதிக் கண் போய்விடும். சமையல்கூடம் என்பது பல ஊர்களில் பள்ளிச் சுவரை ஒட்டிய கூரைக் கொட்டகை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் அப்படி ஒரு கூரைச் சமையல்கூடத்தில் பிடித்த தீ மாடி வகுப்பறைக்கு ஏறி 94 பிள்ளைகள் செத்த பிறகுதான் கூரைகளைப் பிரிக்கச் சொன்னார்கள், கட்டடமும் கேஸும் ஒவ்வொன்றாக வந்தன. 2013-ல் பீகாரில் பள்ளிச் சாப்பாட்டில் பூச்சிமருந்து கலந்து 23 பிள்ளைகள் செத்த பிறகு, பரிமாறுமுன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்தாக வேண்டும் என்பதில் கெடுபிடி கூடியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கோ ஒரு விபத்து நடந்தால் அடுத்த வாரமே ஒரு புது நோட்டும் ஒரு புது விதியும் வந்து இந்த அடுப்படியில் உட்கார்ந்துகொள்ளும், ஆள் மட்டும் வராது.

சரி, இந்த வேலை எப்படி உண்டானது? பள்ளிச் சோறு என்பதை முதலில் ஆரம்பித்தது 1920-ல் சென்னை மாநகராட்சி, தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது. இங்கே நம் சீமையில் அதே காலத்தில் பள்ளிச் சோறு வேறு விதமாகப் பேசப்பட்டது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் தனித்தனியே உட்கார வைத்துச் சோறு போட்டார்கள் என்பது 1920-களின் நடுவில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே ஆட்டிய சண்டை, பெரியார் அந்தக் கட்சியை விட்டு வெளியேறியதில் அதற்கும் பங்கு உண்டு. அதே சேரன்மாதேவி பக்கம் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது மாடு மேய்க்கிற பையனைப் பார்த்து "ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை" என்று காமராஜர் கேட்டதாகவும், "போனா சோறு போடுவீங்களா" என்று பையன் திருப்பிக் கேட்டதாகவும் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிற கதை உண்டு. கதை எப்படியோ, 1956-ல் மதிய உணவுத் திட்டத்தை அவர் எட்டயபுரத்தில் தொடங்கினார். எட்டயபுரம் அப்போது திருநெல்வேலி மாவட்டம்தான், தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது 1986-ல்.

காமராஜர் காலத்துத் திட்டத்தில் ஊர்க்காரர்களின் பங்கும் அரசாங்கத்தின் பங்கும் சேர்ந்துதான் சோறு. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்த்தார். வாத்தியார் மேற்பார்வையில் ஊரில் ஒருத்தர் சமைத்துப் போடுவார், சமைப்பது ஒரு தனி உத்தியோகம் என்கிற எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை.

அது உத்தியோகம் ஆனது எம்.ஜி.ஆர். காலத்தில். 1982 ஜூலை 1-ல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது, முதலில் கிராமத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் நகரத்துக்கும், 1984-ல் பதினைந்து வயது வரைக்கும். ஊர் ஊராக மையம், மையத்துக்கு மூன்று பேர், பெரும்பாலும் பெண்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த வேலையைக் கொடுத்தபோது விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் முன்னுரிமை என்று வைத்தார்கள். பிள்ளைக்குச் சோறும் ஆச்சு, திக்கற்ற பெண்ணுக்கு ஒரு பிழைப்பும் ஆச்சு என்பது எண்ணம், அந்த எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனையோ குடும்பம் அதனால் எழுந்து நின்றிருக்கிறது. ஆனால் உதவியாகக் கொடுத்ததை வேலையாகக் கணக்கிட யாரும் திரும்பி வரவில்லை. உதவிக்குக் கூலி நிர்ணயம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, "ஏதோ கொடுக்கிறோமே" என்கிற குரலில்தான் எல்லா அரசாங்கமும் பேசியது. மாதத்துக்கு ஒரே கட்டுத் தொகையான தொகுப்பூதியத்தில் இருந்து, வருஷா வருஷம் கொஞ்சம் ஏறுகிற 'சிறப்புக் காலமுறை ஊதியம்' வரைக்கும் சங்கம் வைத்துப் போராடித்தான் வந்திருக்கிறார்கள், அந்தச் 'சிறப்பு' என்பது மற்ற அரசு ஊழியர்களுக்குள்ள அளவு கிடையாது என்பதற்கான மரியாதையான ஏற்பாடு. ஓய்வு பெறும்போது கையில் ஒரு சிறு தொகை, அதற்குப் பிறகு சமீப காலம் வரை மாதம் 2,000 ரூபாய் ஓய்வூதியம். பக்கத்து வகுப்பறையில் அதே வருஷங்கள் வேலை பார்த்த பழைய பென்ஷன்கார ஆசிரியர் வாங்குவதோடு இதை வைத்துப் பார்த்தால் பேச்சே வராது.

மத்திய அரசின் கணக்கு இன்னும் மோசம். 1995-ல் மத்திய அரசும் மதிய உணவுக்கு வந்தது, 2001-ல் உச்ச நீதிமன்றம் சமைத்த சோறாகத்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. அந்தத் திட்டத்தில் சமையல் செய்கிறவருக்கு 2009-ல் வைத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் பத்து மாசத்துக்கு. 25 பிள்ளைகள் வரை ஒரு ஆள், நூறு வரை இரண்டு பேர், அதற்கு மேல் நூற்றுக்கு ஒருத்தர். தமிழ்நாடு இதைவிட அதிகம் கொடுக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. ஆனால் இந்த மத்தியக் கணக்கை எடுத்துக்காட்டியே "மற்ற மாநிலத்தைப் பாருங்கள்" என்று வாயை அடைப்பதும் நடக்கிறது.

அப்படியானால் ஏன் முப்பது வருஷம் இருந்தார்கள்? இதற்கு எங்கள் பக்கத்தில் பதில் பீடியில் இருக்கிறது. பாப்பாக்குடி, முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எங்கு பார்த்தாலும் பெண்களின் மடியில் பீடித்தட்டு. காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரை, இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கழுத்தும் இடுப்பும் போகும், நெஞ்சில் தூள் ஏறும். பகலில் உலை வைக்க நேரம் இல்லாத அந்த வீடுகளின் பிள்ளைகள்தான் சத்துணவுக்கு வருகிறார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சத்துணவு வேலை என்றால் நிமிர்ந்து நின்று செய்யலாம், மாதா மாதம் சம்பளம், 'கவருமெண்டு வேலை' என்கிற பேர், கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள் ஒரு பத்திரிகை கூடுதலாக எடுத்துவந்து கொடுப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை, பதிவு பெற்ற பீடித் தொழிலாளிக்கு பி.எஃப். பிடிப்பு உண்டு, பென்ஷன் உண்டு. சட்டத்தின் கண்ணில் தொழிலாளி என்று அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது. சத்துணவு ஆயாவோ முழு அரசு ஊழியரும் இல்லை, தொழிலாளிச் சட்டத்துக்குள்ளும் இல்லை, இரண்டு நாற்காலிக்கும் நடுவில்.

சாதியைத் தொடாமல் இந்த வேலையைப் பற்றி எழுதினால் பாதியை மறைத்த மாதிரிதான். இனச்சுழற்சி வைத்து, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்கும் முறை வைத்து ஆள் எடுப்பதால், ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் கூட நிற்க விடாத ஒரு பெண் சமைத்ததை ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட வேண்டிய நிலை வந்தது, ஊரில் அப்படி நடக்கிற ஒரே இடம் பல கிராமங்களில் பள்ளிச் சமையல்கூடம்தான். பல இடங்களில் முதல் ஒரு மாசம் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் பசி ஜெயித்துவிடும். பிள்ளைக்குச் சட்டென்று தட்டும் சோறும்தான் தெரியும், சொல்லிக் கொடுக்கிறவர்கள் பெரியவர்கள். சில இடங்களில் பசி ஜெயிக்கவில்லை. 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், காலை உணவு சமைக்கிறவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிடவில்லை என்று செய்தி வந்தது. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காமராஜர் சோறு போட ஆரம்பித்த அதே வட்டாரத்தில், அறுபத்தேழு வருஷம் கழித்து. அமைச்சர் வந்து சாப்பிட்டால் செய்தி முடியும், மறுநாள் காலையில் அதே அடுப்பைப் பற்ற வைக்க அந்தப் பெண் தனியாகத்தான் போக வேண்டும், அதற்குச் சம்பளப் பட்டியலில் படி எதுவும் இல்லை.

காலை உணவுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல். பிள்ளைகளுக்கு அருமையான திட்டம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் சமைக்கிற வேலையைச் சத்துணவுப் பணியாளருக்குக் கொடுக்காமல் சுய உதவிக் குழுப் பெண்களுக்குக் கொடுத்தார்கள், அந்தப் பெண்ணின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் வேலையும் போகும். ஆக ஒரே பள்ளியில் இப்போது இரண்டு அடுப்பு, இரண்டு சாவி, இரண்டு கணக்கு. "எக்கா, என் கரண்டிய எடுத்தீயளா" என்பதில் ஆரம்பித்துத் தண்ணீர்த் தொட்டியை யார் நிரப்புவது என்பது வரை உரசல். இரண்டு வேலையையும் சேர்த்து எங்களுக்கே கொடுத்து முழு நேரம் ஆக்குங்கள் என்பது சத்துணவுச் சங்கத்தின் கோரிக்கை. என் கணக்கில் அது நியாயம்தான். காலை ஏழுக்கு வந்து மூன்றுக்குப் போகிறவரைப் பகுதி நேரம் என்று சொல்ல அதற்குப் பிறகு வழி இருக்காது. அரசாங்கம் தயங்குவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் 'பகுதி நேரம்' போதாதென்று வேறு வேலைகளும் உண்டு. பள்ளி வாக்குச்சாவடி ஆனால், முந்தின நாள் வந்து தங்குகிற அதிகாரிகளுக்குச் சோறு ஆச்சி கையில்தான். 2020-ல் பள்ளியை மூடியபோது அரிசியும் பருப்பும் முட்டையும் பெற்றோருக்கு எடை போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியபோது ஆற்றங்கரை ஊர்களில் பள்ளிக்கூடங்கள் முகாம் ஆயின. அண்டாவும் அடுப்பும் ஐந்நூறு பேருக்கு உலை வைத்துப் பழகின கையும் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

மாநிலத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். 1980-களில் சேர்ந்த தலைமுறை அநேகமாக ஓய்வு பெற்றுவிட்டது. அந்த இடங்களில் 8,997 சமையல் உதவியாளர்களை நிரப்ப 2024 கடைசியில் அரசு உத்தரவு போட்டது. முதல் ஒரு வருஷம் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம், வேலை திருப்தி என்றால் அப்புறம் 3,000-9,000 என்கிற சிறப்புக் காலமுறைக்கு மாற்றுவார்கள். பத்தாம் வகுப்பு பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் போடலாம், வீடு மையத்தில் இருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், விதவைக்கும் கைவிடப்பட்டவருக்கும் வழக்கம்போல முன்னுரிமை. எங்கள் பக்கத்தில் பீடிக்கூலியோடு வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, டிகிரி முடித்த பெண்கள் கூட விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.